படத்துல சத்தம் இருக்கு

சூரியனுக்குப் பஞ்சமே இல்லாத சுனைப்பட்டியில் வெளிச்சம் போதாமல் போன ஒரே இடம் கல்யாண மண்டபம்தான். வெயிலுக்குப் பயந்து ஜன்னல்களைக் கையகலத்துக்கு வைத்துக் கட்டிவிட்டார்கள்; கட்டி முடித்த பிறகு டியூப்லைட்டுகளை வரிசையாக மாட்டினார்கள், அவையும் கரண்டு குறைந்த ஊரில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே காலத்தைத் தள்ளின. அந்த மண்டபத்தின் பந்திக்கூடத்தில், ரைஸ்மில் கோமதிநாயகத்தின் மகள் கல்யாணத்தில் எடுத்த ஒரு படத்தின் மூலையில், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் சம்பந்திகளுக்குப் பின்னால், சுவரோடு சுவராக, கட்டைவிரல் நகத்தின் அளவில் நின்றுகொண்டிருந்தான் வெள்ளத்துரை.

லாரி டிரைவர் வெள்ளத்துரைக்கு உலகத்தில் மிஞ்சிய படம் அது ஒன்றுதான். அவனுக்கும் வடிவுக்கும் நடந்த கல்யாணத்தில் எடுத்த ஃபிலிம் ரோல், கழுவுவதற்கு முன்பே வெளிச்சம் பட்டு முழுசாக வெளுத்துப்போனது. லைசென்ஸில் ஒட்டியிருந்த முகம் சட்டைப்பை வியர்வையில் ஊறி ஊறி நீலத் திட்டானது. வாக்காளர் அட்டையில் இருந்த ஆளைக் காட்டினால் அது தான்தான் என்று அவனே சத்தியம் பண்ணமாட்டான். கேமராவைக் கண்டால் பீடி வாங்கப் போய்விடுகிற மனுஷன். செல்போன் என்றால் பேசுவதற்கு மட்டும் என்று இருந்த காலம் அது. கோமதிநாயகம் வீட்டுக் கல்யாணம் முடிந்த கையோடு தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவன், திரும்பி வரும் வழியில் வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தான், பிறகு நிமிரவில்லை.

வடிவு, பஜாரில் இருக்கும் கமலஜோதி டிஜிட்டலில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். கடைக்காரர் ஆவுடையப்பன் எடுத்து வருகிற படங்களை வெட்டி, ஒட்டி, பருவை எடுத்து, பின்னால் சுவிட்சர்லாந்தைப் போட்டு ஆல்பமாக்குவது அவள் வேலை. கருமாதி முடிந்து கடைக்குத் திரும்பியவளுக்கு முதலில் வந்தது அந்தக் கல்யாணம்தான். மூலையில் நின்றவனை அவள் பார்த்தாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. சம்பந்திகளைச் சுற்றித் தங்கக் கலரில் சட்டம் போட்டபோது, அந்த மூலை மட்டும் உள்ளே வருகிற மாதிரி சட்டத்தைக் கொஞ்சம் அகட்டிப் போட்டாள், அவ்வளவுதான்.

ஆல்பத்தை வாங்க வந்த கோமதிநாயகம் கடை பெஞ்சில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். பந்திப் படத்தில் விரல் நின்றது.

"என்னய்யா இது, சம்பந்தி கோட்டு மேல கேசரிப்பவுடரைத் தூவின மாதிரி இருக்கு?"

ஆவுடையப்பன் மதுரையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து டிஜிட்டல் வகுப்புக் கேட்டுவிட்டு வந்தவர். அங்கே படித்ததைச் சொல்ல ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். "அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி, படத்துல கொஞ்சம் நாய்ஸ் இருக்கு. வெளிச்சம் பத்தலன்னா நாய்ஸ் வரும்" என்றார்.

கோமதிநாயகத்துக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். நாய்ஸ் என்றால் சத்தம். "படத்துல சத்தம் இருக்குங்கியா?" என்று கேட்டுக்கொண்டே, அவர் எந்தக் கேலியும் இல்லாமல், கடிகாரம் ஓடுகிறதா என்று பார்க்கிறவரைப் போல ஆல்பத்தைத் தூக்கிக் காதில் வைத்தார், கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து அப்படியே இருந்தார், பிறகு, "ஆமா, இருக்கு. எங்க சம்பந்தி, அப்பளம் நமுத்துப்போச்சுன்னு சொல்லுதாரு" என்று சொல்லிவிட்டு ஆல்பத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அதற்கு முன்னால் படங்கள் சத்தம் போட்டனவா, யாரும் காதில் வைத்துப் பார்க்காததால் தெரியாமல் போனதா என்பதைப் பற்றி டீக்கடையில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லா பீரோக்களும் திறந்தாயிற்று, எல்லோர் காதிலும் ஆல்பம் இருந்தது. இரண்டொரு நாளில் காதில் வைக்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல், அரிசி புடைக்கிற மாதிரி ஸ்ஸ்ஸென்று ஓர் இரைச்சலும், அந்த இரைச்சலுக்குள் உமிக்கு நடுவே நொய் மாதிரி மனுஷக் குரல்களும், திறந்த பக்கத்திலிருந்து தாமாகவே வர ஆரம்பித்தன. வெயிலில் எடுத்த படங்கள் வாயைத் திறக்கவில்லை. தேரோட்டப் படம் கப்சிப். பாஸ்போர்ட் போட்டோ கப்சிப். இருட்டில் எடுத்தவைதான் பேசின. பந்தலுக்கு அடியில், மணப்பெண் அறையில், பந்திக்கூடத்தில், படம் எடுத்த நேரத்தில் யார் என்ன முணுமுணுத்தார்களோ அது.

வடிவுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நல்ல தண்ணீர் எப்போதாவது வருகிற ஊரில் மழைக்குப் பாத்திரம் வைத்து வளர்ந்தவள் அவள். கேமராவுக்குள் இருக்கும் சென்சார் என்கிற சில்லும் வெளிச்சத்துக்கு அப்படித்தான் பாத்திரம் வைத்துக் காத்திருக்கிறது என்று அவள் தனக்குத்தானே விளங்கிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பனின் சின்னக் கேமராவில் அந்தச் சில்லு சுண்டுவிரல் நகம் அகலம். அந்த நகத்துக்குள், விளம்பரத்தில் பெரிய எண்ணாகப் போட வேண்டும் என்பதற்காக, கோடிக்கணக்கில் பொடிப்பொடி டம்ளர்களை நெருக்கி அடுக்கியிருந்தார்கள். வெயிலில் எல்லாம் நிரம்பும். மண்டபத்து இருட்டில் ஒரு டம்ளருக்குச் சொட்டு, அடுத்ததற்கு அரைச் சொட்டு, அதற்கடுத்தது வெறும் டம்ளர். ஆனால் வெறும் டம்ளர் என்று ஒப்புக்கொள்ள எந்த மெஷினுக்கும் மனசு வராது. இருந்த சொட்டைக் குடமாக்கிக் காட்டும். அப்படிப் பெருக்கும்போது டம்ளரின் சூடும் நடுக்கமும் சேர்ந்து பெருகும். சின்னதைப் பெருசாக்குகிற இடத்தில் சண்டை வரத்தானே செய்யும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சண்டையும் வந்தது. மூக்கு அப்பனைக் கொண்டு வந்திருக்கிறது என்று ஒரு சித்தி சொன்னது மணப்பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. மொய் கவரைத் தடவிப் பார்த்தே கணக்குச் சொன்ன மாமனுக்கும் மருமகனுக்கும் பேச்சு நின்றுபோனது. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்; ஏட்டையா அதை மேஜையில் வைத்து முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுல கையெழுத்து எங்க போட?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். கோயில் கர்ப்பக்கிருகத்தில் யாரோ திருட்டுத்தனமாக எடுத்த படம் என்ன சொல்கிறது என்று கூட்டம் கூடியது. விளக்குத் திரி பொரிகிற சத்தமும் குருக்கள் கொட்டாவி விடுகிற சத்தமும்தான் வந்தன, கூட்டம் கும்பிட்டுவிட்டுக் கலைந்தது. நல்லதும் நடக்காமல் இல்லை. மணவறையில் கடுகடுவென்று நின்ற முகத்தைப் பார்த்துப் பார்த்து, தன்னைப் பிடிக்காமல்தான் கட்டிக்கொண்டான் என்று மனசுக்குள் வைத்திருந்த கருவாட்டுக்கடைக்காரர் பெண்டாட்டி, அந்தப் படத்தில் அவர் தோழனிடம் "செருப்பு கடிக்குதுல" என்று சொன்னதைக் கேட்டு, அன்றைக்கு அவருக்கு ஒரு முட்டை கூடுதலாக அவித்து வைத்தாள்.

ஊர் தன்னை மாற்றிக்கொண்டது. முன்பெல்லாம் ரகசியம் பேச இருட்டுக்கு ஒதுங்கியவர்கள் இப்போது வெளிச்சத்துக்கு வந்தார்கள். கல்யாண வீடுகளில் ஃபோகஸ் லைட்டுக்கு நேர் கீழே நாலு பெண்கள் தலையைச் சேர்த்து நின்றால் அங்கே புறணி நடக்கிறது என்று அர்த்தம். வாயே திறக்காத ஆளை, "பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கான்" என்றார்கள். பிறகு ஊருக்குக் களைப்பு வந்தது. ஒரே அப்பளம், ஒரே மூக்கு, ஒரே செருப்பு. எத்தனை நாளைக்குக் கேட்பது. ஆல்பங்களைப் போர்வையில் சுற்றினார்கள், நெல் குதிருக்குள் புதைத்தார்கள், அங்கிருந்தும் ஸ்ஸ்ஸென்று வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருத்தர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சோறு வடித்தார்கள்.

அப்போதுதான் ஆவுடையப்பன் பெரிய கேமரா வாங்கினார். அதன் சென்சார் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னது. டம்ளர்களுக்குப் பதிலாக உள்ளே அண்டாக்களை வைத்திருந்தார்கள் என்பது வடிவின் கணக்கு. மண்டபத்து மூலையைக்கூட அது பூனைக் கண்ணால் பார்த்தது. கறுப்புக் கோட்டு கறுப்பாகவே வந்தது. படங்கள் வாயைப் பொத்திக்கொண்டன. ஊர் அப்பாடா என்று உட்கார்ந்தது. உட்கார்ந்த சூட்டோடு பழைய ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு கமலஜோதி டிஜிட்டலுக்கு வந்தது.

"படத்துல உள்ளவன் வாயை அடைச்சுக் குடு வடிவு. வீட்டுல மனுஷன் இருக்க முடியல."

வடிவு அடைத்துக் கொடுத்தாள். அதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு வழி இருந்தது. புள்ளிகளை வழித்து, பக்கத்தில் இருக்கிற நிறத்தை எடுத்துப் பூசி, சந்தனம் தடவின மாதிரி முகத்தை மழமழவென்று ஆக்கிவிடும். திரையில் அதற்கென்று இருக்கும் கம்பியை வலதுபுறம் இழுக்க இழுக்க இரைச்சல் குறையும், குரல் குறையும், கடைசியில் நின்றுபோகும். கூடவே முகத்தில் இருந்த சுருக்கமும் தழும்பும் முந்தாநாள் தாடியும் போகும். காலையிலிருந்து அவள் ஆட்களை அமைதியாக்கினாள், மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து மூடினாள், மறுபடி அமைதியாக்கினாள். மழமழப்பானவர்கள் எல்லோரும் ஒருத்தர் மாதிரியே ஒருத்தர் ஆனார்கள்; ஒரு வீட்டில் மாப்பிள்ளைக்குப் பதில் அவன் சித்தப்பனைச் சட்டம் போட்டு மாட்டி, பொங்கல் வரைக்கும் யாரும் கவனிக்கவில்லை. அவள் கையால் வாய் மூடாமல் ஊரில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம். அது கம்ப்யூட்டரில் அவள் பேருக்கு ஒரு ஃபோல்டருக்குள் இருந்தது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு காதைக் கொடுப்பாள். ஸ்ஸ்ஸ் என்கிற இரைச்சலுக்கு அடியில் வெள்ளத்துரை என்னவோ சொன்னான். கேட்கிற மாதிரி, கடைசியில் குரல் தூக்கி, ஏதோ ஒன்று. வார்த்தை பிடிபடவில்லை.

வருஷத் திதி நெருங்கியதும் பேச்சித்தாய் ஆரம்பித்தாள். வெள்ளத்துரையின் அக்கா, புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவள், இப்போது தம்பியும் இல்லாத வீட்டில் வடிவோடு இருக்கிறாள்.

"ஏட்டி வடிவு, சுவத்துல மாட்ட ஒரு படம் வேணும்லா. வர்றவங்க எதுக்கு மாலை போடுவாங்க, ஆணிக்கா?"

"பாக்கேன் மதினி."

"வருஷம் பூரா பாக்கே. ஊர்ல உள்ளவன் மூஞ்சியெல்லாம் பாலீஷ் போட்டுக் குடுக்கத் தெரியுது. நம்ம வீட்டு ஆளுக்கு மட்டும் வக்கில்லை."

பேச்சித்தாய் சொன்னதில் தப்பில்லை. கம்பியை வலதுபுறம் இழுத்தால் முகம் வரும். ஆனால் அதற்குள் இருக்கும் குரல் போகும். அவன் குரல் இந்த உலகத்தில் வேறு எங்கும் இல்லை. மறுநாள் கடையில் அசல் படத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, மூலையைப் பெரிதாக்கி, இழுத்துத்தான் பார்த்தாள். இரைச்சல் அடங்கியது. முகம் ஒன்று வந்தது. நல்ல முகம்தான். நெற்றி பளபளத்தது, மீசை வரைந்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன், "யாரு, நம்ம பேங்க் மேனேஜரா?" என்று கேட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு டீ சொல்லப் போனார்.

அவன் என்ன சொன்னான் என்று தெரிந்துவிட்டால் இந்த முகத்தையே மாட்டிவிடலாம் என்று வடிவுக்குப் பட்டது. படத்தில் அவனுக்குப் பக்கத்தில் ரசவாளியோடு நிற்கிறவன் பந்தி பரிமாறுகிற லெச்சுமணன். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே போனாள்.

"அந்தக் கல்யாணத்துல எங்க வீட்டு ஆளு உங்ககிட்ட என்னமோ கேட்டிருக்காரு. ஞாபகம் இருக்கா அண்ணே?"

லெச்சுமணன் நிஜமாகவே யோசித்தான். தலையைச் சொறிந்தான், கூரையைப் பார்த்தான். "கல்யாண வீட்டுல எங்கிட்ட எல்லாரும்தான் என்னமாவது கேப்பாங்க தாயி. ரசம் கேட்டிருப்பாரு. இல்லன்னா மோரு. நல்ல மனுஷன். ரெண்டும் குடுத்திருப்பேன்" என்றான். அவனால் முடிந்த ஆறுதல் அது. அவள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நடந்தாள்.

திங்கட்கிழமை அசல் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஆவுடையப்பன் பின்னால் வந்து நின்றார். அவரும் காது கொடுத்தார்.

"இந்த ஒரு படத்தை வச்சுக்கிட்டுக் கேட்டா எப்படிம்மா பிடிபடும். இது மாதிரி இன்னும் ஏழெட்டு இருக்குமே."

"எது?"

"அந்தச் சின்னக் கேமராவை நான் என்னைக்கு நம்பியிருக்கேன். ஒரே இடத்துல நின்னு டப்பு டப்புன்னு அமுக்கிக்கிட்டே இருப்பேன், ஒண்ணாவது தேறட்டும்னு. கல்யாண வீட்டுல எனக்குப் பேரே பட்டாசுக்காரன்தான். தேறினதை உங்கிட்டக் குடுத்தேன். தேறாததை அழிக்க மனசு வரல, பழைய டிஸ்க்குல கிடக்கும்."

கிடந்தன. ஒரே பந்தி, ஒரே சம்பந்தி, ஒரே சுவர். வடிவுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. புள்ளி ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் விழும். நிஜமாக அங்கே நின்றது எதுவோ அது ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிற்கும். ஒன்றின் மேல் ஒன்றாக, கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக்கி அடுக்கினால், பொய்யெல்லாம் ஒன்றை ஒன்று தின்று தீர்த்துவிட்டு மெய் மட்டும் மிஞ்சும். அவள் அடுக்கினாள். இரண்டாவதை வைத்ததும் மழை மாதிரி இருந்த இரைச்சல் தூறலானது. அடுத்ததற்கு அடுத்ததை வைத்ததும் தூறல் தாழ்வாரத்துச் சொட்டானது. கடைசியை வைத்தபோது கடைக்குள் ஒரு சத்தமும் இல்லை, பஜாரில் போகிற பஸ்கூட எங்கேயோ தூரத்தில் போனது, சுவர் ஓரத்து ஆள் வாயைத் திறந்து, தெளிவாக, பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி சொன்னான்:

"யப்பா, அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வையேன்?"

கொஞ்சம் இடைவெளி. மறுபடி அதே.

வடிவு கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக அந்த இரைச்சலுக்கு அடியில் அவள் என்னென்னவோ வைத்திருந்தாள். தன் பேரை வைத்திருந்தாள். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று யாரிடமோ சொல்கிறான், கேட்டவன் கவனிக்கவில்லை என்று வைத்திருந்தாள். சில நாட்களில், வடிவு தனியா இருப்பா பாத்துக்கிடுங்க என்றுகூட வைத்திருந்தாள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. மனுஷனுக்கு வேர்த்திருக்கிறது. எஞ்சின் சூட்டிலேயே வெந்தவனுக்கு மண்டபத்திலாவது காற்று வேண்டியிருந்திருக்கிறது. ஆவுடையப்பன், "திருப்பி வச்சாங்களோ என்னமோ" என்றார். அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே வேறு ஒன்றாக மாறியபோது அவர் வெளியே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் நின்றுகொண்டார்.

ஆனால் முகம் போய்விட்டது. ஒவ்வொரு படத்திலும் வெள்ளத்துரை ஃபேன் இருக்கும் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறான். சுவர் நின்றது, தூண் நின்றது, லெச்சுமணனின் ரசவாளி அத்தனை தெளிவாக நின்றது, அவன் நிற்கவில்லை. இத்தனை முகங்களையும் ஒன்றாக அடுக்கியதில் கழுத்துக்கு மேலே ஈரக்கையால் வழித்துவிட்ட மாதிரி ஒரு தீற்றல். வடிவு இரண்டையும் பெரிதாகப் பிரிண்டு போட்டாள். வாயில்லாத முகம் ஒன்று, முகமில்லாத வாய் ஒன்று. இரண்டையும் சட்டம் போட்டு, செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

பேச்சித்தாய் முதல் படத்தைக் கையில் வாங்கி வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். "லட்சணமா இருக்கு" என்றாள். இன்னும் கொஞ்சம் பார்த்தாள். "இவ்வளவு லட்சணமாவா இருந்தான்?" பிறகு இரண்டாவதைப் பிரித்தாள். "இது என்னட்டி, மூஞ்சியே இல்ல. பொம்பள இருக்கிற வீட்டுல இதையா மாட்டுவே? அதுவும் சத்தம் போடுற படம். ஊரே கஷ்டப்பட்டு இப்பத்தான் கண்ணை மூடித் தூங்குது."

"மதினி, கொஞ்சம் பேசாம இருங்க."

படம் சொன்னது.

பேச்சித்தாய் அதைச் சுவரில் சாய்த்து வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். எழுந்து போய், அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த டேபிள் ஃபேனின் கழுத்தைப் பிடித்து, படத்தின் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"சின்ன வயசுலயே அவனுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு" என்றாள்.

படம் அடங்கவில்லை, அதன் கணக்குப்படி சொல்லிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் ஃபேன் அதன் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததால், அதற்கு மேல் அதைக் கேட்பதில் யாருக்கும் கஷ்டம் இருக்கவில்லை.

லட்சணமான முகம் பீரோவுக்குப் பின்னால் போனது. திதிக்கு ஊர் வந்தது. சத்தம் போடுகிற படத்தை மாட்டியிருக்கிறாள் என்று வாசலிலேயே தெரிந்துகொண்டு, செருப்பைக் கழற்றும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தது. கோமதிநாயகம் மாலையோடு வந்து, முகம் எங்கே இருக்கிறது என்று தேடி, உத்தேசமாக ஓர் இடத்தில் மாலையைச் சரிசெய்து, பாயில் உட்கார்ந்தார். லெச்சுமணன் வந்தான். படம் பேசியபோது, "அட, இதையா கேட்டாரு" என்று சொல்லி, ஏதோ தன் கடமையில் குறை வைத்துவிட்டவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டான். சித்திரை வெயிலுக்கு ஓட்டுக்கூரை தகித்தது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஃபேன்; அது சுவரைப் பார்த்துச் சுற்றியது, மாலையில் இருந்த சம்பங்கி அதில் லேசாக ஆடியது. வந்தவர்கள் துண்டாலும் செய்தித்தாளாலும் விசிறிக்கொண்டார்கள், கழுத்தைத் துடைத்துக்கொண்டார்கள், வடிவு கொண்டுவந்த மோரை இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஃபேனை இந்தப் பக்கம் திருப்ப ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.